பரீட்சை எழுதுறவரே வாத்தியாரைத் தேடிப் பிடிச்சா?

இன்ஃபர்மேஷன் செக்யூரிட்டி ஆடிட் பற்றிய பதிவுன்னு சொன்னா பாதிப் பேர் இப்பவே எழுந்து போயிடுவீங்க. கொஞ்சம் இருங்க மக்களே. இது பொட்டி தட்டுறவங்களுக்கு மட்டுமான மேட்டர் இல்லை. உங்க கிரெடிட் கார்டு நம்பரும் ஜிமெயில் பாஸ்வேர்டும் இந்தக் கதையில் வருது.

ஒரு கம்பெனி உங்க தகவலைப் பத்திரமா வெச்சிருக்கான்னு உங்களால போய்ப் பார்க்க முடியாது. அதனால மூணாவது ஆள் ஒருத்தர் போய்ப் பார்த்து, சரியா இருக்குன்னு கையெழுத்துப் போடணும். அவர்தான் ஆடிட்டர். இதுவரைக்கும் சரி. அந்த ஆடிட்டரைத் தேர்ந்தெடுப்பது யார்? அதே கம்பெனி. ஃபீஸ் கொடுப்பது யார்? அதே கம்பெனி. அடுத்த வருஷம் அவரையே கூப்பிடலாமா வேண்டாமான்னு முடிவு பண்றதும் அதே கம்பெனிதான்.

பரீட்சை எழுதுறவரே வாத்தியாரைத் தேடிப் பிடிச்சு, சம்பளமும் கொடுத்து, பேப்பரைத் திருத்தச் சொன்னா மார்க் எப்படி வரும்? இந்தக் கேள்விக்கு நாற்பது வருஷத்துக்கும் மேல வரலாறு இருக்கு. அதைத்தான் இங்கே சொல்லப் போறேன்.

ஆரஞ்சு அட்டைப் புத்தகம்

ஆரம்பத்தில் இப்படி இல்லைங்க. 1981-ல் அமெரிக்க ராணுவத்துறை கம்ப்யூட்டர் பாதுகாப்புக்குன்னு ஒரு மையம் தொடங்கியது. அது என்எஸ்ஏ என்ற உளவு நிறுவனத்தின் கீழே இருந்தது. 1983-ல் அவங்க ஒரு விதிப்புத்தகம் வெளியிட்டாங்க. அட்டை ஆரஞ்சு நிறம், அதனால பேரே ஆரஞ்சு புக். கம்ப்யூட்டர் விற்கிற கம்பெனி தன் பொருளைக் கொண்டு வந்து கொடுக்கணும். மையத்தின் ஆட்களே சோதிச்சுத் தரம் போடுவாங்க. சோதனைச் செலவு அரசாங்கத்தோடது.

இதில் முக்கியமான விஷயம் ஒண்ணு. சோதிக்கிறவரும் வாங்குறவரும் ஒரே பக்கம். ஓட்டை இருந்தா நஷ்டம் ராணுவத்துக்கு. அதனால சோதிக்கிறவருக்குத் தாட்சண்யம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. தாட்சண்யம் இல்லைதான், ஆனா வேகமும் இல்லை. ஒரு பொருளைச் சோதிச்சு முடிக்க வருஷக்கணக்காகும். முடிச்சு சீல் குத்தும்போது அந்தப் பொருள் பழசாகி, சந்தையில் அடுத்தது வந்திருக்கும்.

ஐரோப்பாவில், குறிப்பா பிரிட்டனில், 1990களின் தொடக்கத்தில் வேற வழி பிடிச்சாங்க. லைசென்ஸ் வாங்கிய தனியார் சோதனைக்கூடங்கள். விற்கிற கம்பெனியே ஒரு கூடத்தைப் பிடிச்சு, காசு கொடுத்துச் சோதனை செய்துக்கலாம். வேலை சட்டுனு முடியும். பிறகு இதே ஏற்பாடுதான் காமன் கிரைட்டீரியா என்ற பெயரில் உலகத் தரமாச்சு.

கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ராஸ் ஆண்டர்சன் (2024-ல் காலமானார்) 2001-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைப் பிட்டுப் பிட்டு வெச்சார். அவர் வாதத்தின் சாரம் இதுதான்: காசு கொடுக்கிறவர் விற்கிறவர்னா, அவர் எந்தக் கூடத்துக்குப் போவார்? கேள்வி குறைவா கேட்கிற, ஃபீஸ் குறைவா வாங்குற, சீக்கிரம் முடிச்சுக் கொடுக்கிற இடத்துக்கு. கறாரா இருக்கிற கூடம் கடையை மூட வேண்டியதுதான். யாரும் லஞ்சம் வாங்க வேண்டாம், பொய் சொல்ல வேண்டாம். ஏற்பாடே அந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு.

நாலு கோடி கார்டு

ஆண்டர்சன் சொன்னதுக்கு உதாரணம் வர ரொம்ப நாள் ஆகலை. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் டூசான் நகரில் கார்டுசிஸ்டம்ஸ்னு ஒரு கம்பெனி. கடையில் நீங்க கார்டு தேய்ச்சா, அந்தத் தகவலை பேங்குக்குக் கொண்டு போய்ச் சேர்க்கிற வேலை. அவங்களோடு தொழில் செய்ய வந்த மெரிக் என்ற பேங்க், விசா கம்பெனியின் பாதுகாப்பு விதிப்படி ஆடிட் முடிச்சு சான்று இருக்கணும்னு கேட்டது. சாவிஸ் என்ற நிறுவனம் ஆடிட் செய்து 2004 ஜூன் மாதம் ஓகே சொன்னது.

2005 ஜூனில் விஷயம் வெளியே வந்தது. உள்ளே ஆள் புகுந்திருக்கு. ஆபத்துக்கு உள்ளான கார்டுகள் நாலு கோடி. கார்டின் காந்தப் பட்டையில் இருக்கிற தகவலைச் சேமிச்சு வைக்கவே கூடாதுன்னு விதி. இவங்க சேமிச்சு வெச்சிருந்தாங்க, அதுவும் பூட்டு எதுவும் போடாம. ஏன் வெச்சிருந்தீங்கன்னு கேட்டதுக்கு, சில பரிவர்த்தனைகள் ஏன் நிறைவேறலைன்னு ஆராயத்தான் என்று கம்பெனித் தலைவர் பதில் சொன்னார். விசாவும் அமெரிக்கன் எக்ஸ்பிரஸும் உறவை முறிச்சுக்கிட்டாங்க. அந்த வருஷமே கம்பெனி கை மாறியது.

இதுக்கப்புறம் நடந்ததுதான் சுவாரஸ்யம். 2008-ல் மெரிக் பேங்க் நேரா ஆடிட்டர் மேலேயே கேஸ் போட்டது. உங்க ரிப்போர்ட்டை நம்பித்தான் தொழில் செய்தோம், எங்களுக்கு 1.6 கோடி டாலர் நஷ்டம் என்பது அவங்க வாதம். செக்யூரிட்டி ஆடிட்டர் மேல இப்படி ஒரு வழக்கு அதுவரை கேள்விப்படாத ஒண்ணு. வழக்கு எப்படியோ போகட்டும், அது எழுப்பிய கேள்வியைப் பாருங்க. ஆடிட்டரைப் பிடிச்சது கார்டுசிஸ்டம்ஸ், காசு கொடுத்ததும் அவங்கதான். ரிப்போர்ட்டை நம்பியது மெரிக். அப்போ ஆடிட்டர் யாருக்குக் கடமைப்பட்டவர்?

இதோடு நிற்கலை. 2009 ஜனவரியில் ஹார்ட்லேண்ட் என்ற இன்னொரு கார்டு கம்பெனி. 13 கோடி கார்டு. வருஷா வருஷம் ஆடிட்டில் பாஸ் ஆனவங்க. எங்க ஆடிட்டர்கள் எங்களைக் கைவிட்டுட்டாங்கன்னு அதன் தலைவர் பேட்டியே கொடுத்தார். 2013-ல் டார்கெட் சங்கிலிக் கடைகள். செப்டம்பரில் சான்று வாங்கினாங்க, நவம்பர் கடைசியில் திருட்டு ஆரம்பிச்சாச்சு. 4 கோடி கார்டு.

சான்று வாங்குறதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இணையதளங்களில் "இந்தத் தளம் உங்கள் அந்தரங்கத்தைக் காக்கும்"னு டிரஸ்ட்இ என்ற முத்திரை இருக்குமே, ஞாபகம் இருக்கா? அந்த முத்திரை இருக்கிற தளங்களையும் இல்லாத தளங்களையும் பென் எடெல்மன் என்ற ஆராய்ச்சியாளர் 2006-ல் ஒப்பிட்டுப் பார்த்தார். முத்திரை இருக்கிற தளங்கள் மோசமானவையா இருக்க இரண்டு மடங்குக்கும் மேல் வாய்ப்புன்னு வந்தது! நல்ல பேர் இல்லாதவருக்குத்தான் முத்திரை அதிகம் தேவைப்படுது, எளிதா கிடைச்சா அவரே முதலில் வாங்குவார். 2014-ல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமும் அந்த நிறுவனத்தைப் பிடிச்சது. வருஷா வருஷம் மறுபடி சோதிக்கிறோம்னு சொல்லிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை சோதிக்கவே இல்லை என்பது குற்றச்சாட்டு.

பூட்டு செய்கிறவர் வீட்டில் திருட்டு

கார்டு போனா பேங்க் பணத்தைத் திருப்பிக் கொடுத்துடும். அடுத்த கதை அப்படி இல்லை.

பிரவுசரில் தளத்தின் முகவரி பக்கத்தில் பூட்டுப் படம் பார்த்திருப்பீங்க. இது நிஜமான கூகுள்தான், போலி இல்லைன்னு யாரோ ஒருத்தர் உறுதி கொடுத்தாத்தான் பூட்டு வரும். அப்படி உறுதி கொடுக்கிற நிறுவனங்கள் உலகம் பூரா இருக்கு. இதில் ஒருத்தர் போலிச் சான்று கொடுத்தாலும், எந்தத் தளத்தின் பேரிலும் யாரும் உட்கார்ந்துக்கலாம். நெதர்லாந்தில் பெவர்வைக் என்ற ஊரில் இருந்த டிஜிநோட்டார் அதில் ஒண்ணு. நம்ம ஊர் நோட்டரி மாதிரி அந்த ஊர் நோட்டரிகள் வட்டாரத்தில் பிறந்த கம்பெனி. டச்சு அரசாங்கத் தளங்களுக்கே பூட்டு கொடுத்தவங்க. ஆடிட் உண்டு, சான்று உண்டு, ஆடிட் செய்தது பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் என்ற உலகப் பெயர். 2011 ஜனவரியில் வாஸ்கோ என்ற அமெரிக்க நிறுவனம் இவங்களை விலைக்கு வாங்கியது.

அதே வருஷம் ஜூனில் உள்ளே ஆள் புகுந்தாச்சு. ஜூலை 10-ம் தேதி கூகுள் பேரில் ஒரு போலிச் சான்று தயாரானது. மொத்தம் 500-க்கும் மேல் போலிகள். ஜூலை 19 அன்று கம்பெனிக்குத் தெரிஞ்சது. கண்ணில் பட்ட போலிகளை ரத்து செய்தாங்க, ஊருக்குச் சொல்லலை. கூகுள் போலி கண்ணில் படலை.

ஆகஸ்ட் மாதம் பூரா ஈரானில் யாரெல்லாம் ஜிமெயில் திறந்தாங்களோ, அவங்களில் பெரும் கூட்டம் அந்தப் போலி வழியாப் போச்சு. பூட்டுப் படம் சரியாத்தான் இருந்தது. ஆகஸ்ட் கடைசியில் ஈரானில் ஒருத்தர், தன் குரோம் பிரவுசர் ஏதோ எச்சரிக்கை காட்டுதேன்னு கூகுள் உதவிப் பக்கத்தில் கேட்டார். கூகுள் தளங்களுக்கு எந்தெந்தச் சான்று செல்லும் என்பதைக் குரோமுக்குள்ளேயே எழுதி வெச்சிருந்ததால் அது மட்டும் கண்டுபிடிச்சது. அப்படித்தான் உலகத்துக்கே தெரிய வந்தது. ஆடிட்டர் சொல்லலை, கம்பெனி சொல்லலை.

விசாரிக்க வந்த ஃபாக்ஸ்-ஐடி நிறுவனம் செப்டம்பர் 5-ம் தேதி இடைக்கால அறிக்கை கொடுத்தது. படிச்சா தலை சுத்தும். சோதிச்ச சர்வர்களில் ஆன்டிவைரஸ் இல்லை. பொது இணையத்தில் இருந்த சர்வர்களில் பழைய, ஓட்டை அடைக்காத மென்பொருள். சான்று தயாரிக்கிற சர்வர்கள் எல்லாம் ஒரே விண்டோஸ் டொமைனில், ஒரே யூசர், ஒரே பாஸ்வேர்டில் எல்லாத்துக்கும் போய் வரலாம். அந்த பாஸ்வேர்டும் சுலபமா உடைக்கிற மாதிரி. போலி வழியாப் போன ஐபி முகவரிகள் சுமார் மூணு லட்சம், அதில் 99 சதவீதத்துக்கும் மேல் ஈரான். அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, நடுராத்திரி தாண்டின பிறகு டச்சு அமைச்சர் டிவியில் வந்து, அரசுத் தளங்களின் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாதுன்னு சொல்ல வேண்டியதாச்சு. செப்டம்பர் 20, டிஜிநோட்டார் திவால்.

2009 தேர்தல் போராட்டம் முடிஞ்சு ரெண்டே வருஷம் ஆன ஈரான் அது. மூணு லட்சம் முகவரிகளுக்குப் பின்னால் இருந்தவங்களில் பத்திரிகைக்காரர் இருப்பார், மாணவர் இருப்பார், வெளிநாட்டு அண்ணனுக்குக் கடிதம் எழுதுற தங்கச்சி இருப்பாள். அவங்க யாரும் பெவர்வைக் பேரையே கேட்டிருக்க மாட்டாங்க. ஆடிட்டரைத் தேர்ந்தெடுத்ததில் அவங்களுக்குப் பங்கு இல்லை, விளைவில் மட்டும் பங்கு.

ஆடிட்டர் ஏமாத்தினார்னு நான் சொல்ல வரலை. அந்த வகை ஆடிட் பெரும்பாலும் நடைமுறைகள் எழுத்தில் இருக்கா, நிர்வாகம் பின்பற்றுதான்னு பார்க்கிறது. உள்ளே புகுந்து பார்க்கச் சொல்லி யாரும் கேட்கலை. கேட்க வேண்டியவங்க ஈரானில் இருந்தாங்க.

ஆடிட்டர் வேண்டாம்னு சொன்ன பிரவுசர்

ஐந்து வருஷம் கழிச்சு, 2016-ல் கதை திரும்புது. வோசைன் என்ற சீன நிறுவனம், இதே பூட்டுத் தொழில். 2016 முதல் பழைய, பலவீனமான வகைச் சான்று கொடுக்கக்கூடாதுன்னு விதி வந்தது. இவங்க 2015 டிசம்பர் தேதியை முன்தேதியிட்டுக் கொடுத்திருக்காங்க. ஸ்டார்ட்காம் என்ற இன்னொரு நிறுவனத்தை வாங்கினதையும் சொல்லலை. ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் செய்கிற மொஸில்லா ஒவ்வொண்ணாத் தோண்டி எடுத்தது.

அக்டோபரில் தீர்ப்பு. இவங்க கொடுக்கிற புதுச் சான்றுகளை இனி நம்ப மாட்டோம். அதோடு இன்னொரு வரி: எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனத்தின் ஹாங்காங் கிளை செய்த ஆடிட்டையும் இனி ஏத்துக்க மாட்டோம். திரும்பி வரணும்னா மொஸில்லா ஒப்புக்கொள்கிற வெளி ஆளை வெச்சு ஆடிட் செய்யணும்.

எனக்கு இந்த மொத்த வரலாற்றில் பிடிச்ச இடம் இதுதான். ரிப்போர்ட்டை நம்ப வேண்டியவர் முதல் தடவையா எழுந்து, நீ கொண்டு வந்த வாத்தியார் எனக்கு வேண்டாம்னு சொல்றார். ஆரஞ்சு புக் காலத்தில் இருந்த உறவு, வேற வழியில் திரும்பி வருது.

இது வெறும் நியாயப் பேச்சு இல்லை, கணக்குப் போட்டே காட்டியிருக்காங்க. துறை வேற, ஆனா நோய் அதேதான். குஜராத்தில் தொழிற்சாலை மாசுக்கு வருஷா வருஷம் ஆடிட் உண்டு, ஆலையே ஆடிட்டரைப் பிடிக்கணும், ஆலையே ஃபீஸ் கொடுக்கணும். 2009 முதல் ரெண்டு வருஷம், எஸ்தர் டுஃப்லோ (ஆமாம், பிறகு நோபல் வாங்கியவரேதான்) உள்ளிட்ட நாலு பேர் அங்கே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து ஒரு சோதனை செய்தாங்க. ஒரு பகுதி ஆலைகளுக்குக் குலுக்கல் முறையில் ஆடிட்டர். ஃபீஸ் பொது நிதியிலிருந்து, நிலையான தொகை. ஆடிட்டர் எழுதினதில் சிலதை வேற ஆள் போய் மறுபடி அளந்து பார்ப்பார். 2013-ல் வெளியான முடிவு: பழைய முறையில் ஆடிட்டர்கள் எழுதின அளவுகள் எல்லாம் அனுமதித்த வரம்புக்குச் சற்றே கீழே வந்து வரிசையா உட்கார்ந்திருந்தன. புது முறையில் பொய்யாப் பாஸ் போடுறது 80 சதவீதம் குறைஞ்சது. இன்னொண்ணு, அந்த ஆலைகள் நிஜமாவே மாசைக் குறைச்சுக்கிட்டாங்க.

மூணு கொட்டேஷன்

நம்ம ஊர் ஆபீஸ் பக்கம் வருவோம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில், ஐஎஸ்ஓ 27001 இருந்தாத்தான் அடுத்த கான்ட்ராக்ட்னு வெளிநாட்டு கிளையண்ட் சொல்லிட்டார். மூணு கொட்டேஷன் வந்தது. ஒருத்தர் ஒன்பது நாள், ஒருத்தர் ஆறு நாள், மூணாமவர் ரெண்டே நாள். அதோடு, பாலிசி டாக்குமென்ட் எல்லாம் நாங்களே தர்றோம், கம்பெனி பேரை மட்டும் மாத்திக்கோங்கன்னு ஒரு இலவச இணைப்பு :-) மீட்டிங்கில் கடைசி நாற்காலி எனக்கு. ஒரு மணி நேரத்தில் செக்யூரிட்டி என்ற வார்த்தை வரவே இல்லை. நாளும் காசும்தான் பேச்சு. மூணாமவருக்கே போச்சு. ஆடிட் அன்று விசிட்டர் நோட்டில் கையெழுத்து இருக்கா, தீயணைப்பு சிலிண்டருக்குத் தேதி இருக்கான்னு பார்த்தாங்க. வேலையை விட்டுப் போனவங்களின் லாகின் மூடியாச்சான்னு யாரும் கேட்கலை. எனக்குத் தெரிஞ்சே நாலு லாகின் உயிரோட இருந்தது. சான்றிதழ் ஃபிரேம் போட்டு ரிசப்ஷனில் மாட்டியாச்சு.

எல்லாருக்கும் குலுக்கலில் ஆடிட்டர் வர மாட்டார். இன்னிக்கும் கம்பெனிதான் தேர்ந்தெடுக்கணும். அந்தப் பொறுப்பு உங்க தலையில் விழுந்தா, இந்தக் கதைகளிலிருந்து நான் எடுத்துக்கிட்டது இவ்வளவுதான்.

முதலில், ரிப்போர்ட்டை நம்பப் போகிறவர் யார்னு எழுதி வெச்சு, அவரிடமே கேளுங்க. எந்த ஆடிட்டரை ஏத்துக்குவார், எதைச் சோதிக்கணும்னு அவர் நினைக்கிறார்? கிளையண்ட் கேட்பது எஸ்ஓசி 2 என்றால் அதில் கையெழுத்துப் போட லைசென்ஸ் உள்ள சிபிஏ நிறுவனம் வேணும், ஐஎஸ்ஓ சான்று வைத்திருப்பவர் போதாது.

இரண்டாவது, எத்தனை நாள்? கம்பெனியில் எத்தனை பேர் என்பதை வெச்சு எத்தனை நாள் ஆடிட் தேவைன்னு கணக்கிட ஐஎஸ்ஓ 27006-ல் அட்டவணையே இருக்கு. அதைவிட ரொம்பக் குறைவா ஒருத்தர் சொன்னா, ஏன்னு எழுத்தில் கேளுங்க.

மூணாவது, பாலிசி எழுதிக் கொடுக்கிறவரும் சான்று கொடுக்கிறவரும் ஒரே கையா இருக்கக்கூடாது. ஐஎஸ்ஓ விதியே அதைத் தடுக்குது. சான்று கொடுக்கிற நிறுவனத்தை யார் அங்கீகரிச்சிருக்காங்கன்னும் பாருங்க, இந்தியாவில் என்ஏபிசிபி, பிரிட்டனில் யுகேஏஎஸ் மாதிரி.

நாலாவது, பேரம் பேச வர்றவர் யாராவது இருக்கட்டும், ஆடிட்டுக்கு வரப்போகிறவர் யார்? அவர் சர்வர் பக்கம் போவாரா, ஃபைலோட நிறுத்திக்குவாரா? இதுவரைக்கும் யாருக்காவது சான்று மறுத்திருக்காரா?

கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்கிறவரை விட்டுடுங்க. சிரிச்சுக்கிட்டே ரெண்டு கதை சொல்றவர் கொஞ்சம் கூடுதல் காசு கேட்டாலும் அவரைப் பிடிங்க.

சரி, உங்க ஆபீஸில் ஆடிட் எப்படி நடக்குது? தீயணைப்பு சிலிண்டரைத் தாண்டி யாராவது போயிருக்காங்களா? கம்பெனி பேர் சொல்லாம வந்து சொல்லிட்டுப் போங்க.